அசோகர் அனுப்பிய சர்க்குலர்: பேரரசுகள் பற்றி டெல்லியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் சர்க்குலர் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். இப்போது குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்.கே.புரம் மலை மந்திரில் காலை தரிசனம் முடித்துவிட்டு, வர விருப்பப்படுகிற தமிழர்களைக் கூட்டிக்கொண்டு டெல்லியிலுள்ள அசோகர் கல்வெட்டுகளைப் பார்க்கப் போகிறேன். வருபவர்களில் பாதிப் பேர் ஓல்ட் ராஜேந்தர் நகரிலும் கரோல் பாகிலும் அறை எடுத்துத் தங்கி யு.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். மீதி குழந்தை குட்டியோடு வரும் குடும்பங்கள். வாராவாரம் சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான். சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அசோகருக்குத் தலைநகர் பாடலிபுத்திரம். டெல்லியில் அவருக்கு என்ன வேலை?

பாடலிபுத்திரம் இன்றைய பாட்னா. டெல்லி அப்போது தலைநகர் எல்லாம் கிடையாது. கங்கைச் சமவெளியிலிருந்து வடமேற்கே தட்சசீலம் போகும் போக்குவரத்தில் இது வழியில் கிடக்கிற ஊர். புராணா கிலாவில் தோண்டியபோது மௌரியர் காலத்து மண்ணடுக்கும் கிடைத்திருக்கிறது, ஆகவே ஆள் நடமாட்டம் இருந்த இடம்தான்.

இங்கே அசோகருடையவை மூன்று. ஃபிரோஸ் ஷா கோட்லாவில் ஒரு தூண், வடக்கே ரிட்ஜில் ஒரு தூண், ஈஸ்ட் ஆஃப் கைலாஷ் பக்கம் பஹாபூர் பாறை. தூண்கள் இரண்டும் வெளியூரிலிருந்து கொண்டுவந்தவை. பாறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது 1966-இல்தான். அதுவரை இந்த ஊரில் அசோகர் நேரடியாகப் பேசிய இடம் ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

பஹாபூர் போனால் ஒன்றுமே தெரியவில்லையே சார், வெறும் பாறைதானே?

வெயில் உச்சிக்கு வந்தபின் போனால் அப்படித்தான். காலையில் சாய்வெயிலில் போகவேண்டும். கம்பி வேலிக்குப் பின்னால் சரிந்து கிடக்கும் பாறையில் முதலில் கீறல்கள்தான் தெரியும். கண் பழகினால் ஒரு கூட்டல் குறி தெரியும். அசோகர் காலத்து எழுத்தான பிராமியில் அது 'க'. ஒரு எழுத்து பிடிபட்டுவிட்டால் மற்றவை தானாக மேலே வரும்.

எழுதியிருப்பது இதுதான்: நான் உபாசகனாகி (அதாவது துறவியாகாமல் புத்த சமயத்தைப் பின்பற்றுபவனாகி) இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகிறது. முதல் ஒரு வருடம் பெரிதாக முயற்சி ஒன்றும் செய்யவில்லை. பிறகு புத்த சங்கத்தை அணுகி நன்றாக முயன்றேன். பெரியவர்களுக்கு மட்டுமல்ல, சிறியவனும் முயன்றால் சொர்க்கம் அடையலாம்.

ஒரு சக்கரவர்த்தி 'முதல் வருடம் நான் ஒழுங்காக இல்லை' என்று கல்லில் வெட்டி வைக்கிறார் பாருங்கள். நான் பணியில் இருந்த காலத்தில் எந்த மேலதிகாரியும் ஃபைலில் இப்படி ஒரு நோட்டிங் போட்டு நான் பார்த்ததில்லை.

இதே வாசகம் வேறு பல ஊர்களிலும் இருக்கிறது. அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கம் பிரம்மகிரியில் உள்ள பிரதி. அங்கே அரசர் பேச்சு தொடங்குவதற்கு முன்னால், சுவர்ணகிரியிலிருந்து இளவரசரும் மகாமாத்திரர்கள் எனும் உயர் அதிகாரிகளும் இசிலா ஊர் மகாமாத்திரர்களை நலம் விசாரிப்பதாக இரண்டு வரி வருகிறது. அதாவது தலைமையகத்துச் சர்க்குலருக்கு மண்டல அலுவலகம் வைத்த கவரிங் லெட்டர்! உள்ளூர் ஆசாமி எதை வெட்டவேண்டும், எதை விடவேண்டும் என்று யோசிக்காமல் உறையோடு சேர்த்து வெட்டிவிட்டார். கடைசியில் சபடன் என்ற எழுத்தர் தன் பெயரையும் போட்டிருக்கிறார். 'எழுத்தர்' என்ற சொல்லை மட்டும் வடமேற்கு எல்லையில் வழங்கிய கரோஷ்டி எழுத்தில், வலமிருந்து இடமாக. தட்சசீலம் பக்கம் வேலை கற்றுக்கொண்டு கன்னட தேசத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆன மனிதராக இருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

பேரரசு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது யானைப்படை இல்லை, இந்தக் கவரிங் லெட்டர்தான்.

பெரிய ராஜ்யத்துக்கும் பேரரசுக்கும் என்ன வித்தியாசம்?

ராஜா குதிரையேறிப் போய்த் தானே பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம் ராஜ்யம். அவர் வாழ்நாளில் போகவே முடியாத ஊரிலும் அவர் சொல் செல்லுபடியானால், அங்கிருந்து தானியமோ காசோ வந்துகொண்டிருந்தால், அது பேரரசு. தேர்வுத்தாளில் இதையே கொஞ்சம் மரியாதையான மொழியில் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினாறு மகாஜனபதங்கள் (பெரிய நாடுகள்) இருந்தபோது மகதம் மட்டும் ஏன் ஜெயித்தது?

ஆறு, இரும்பு, யானை. கங்கையோடு சோன், கண்டகி நதிகள் சேரும் பகுதி, ஆகவே படகில் சரக்கும் போகும், படையும் போகும். தெற்கே சோட்டா நாக்பூர் பக்கம் இரும்புத்தாது. காட்டில் யானை. நெல் விளையும் வண்டல் மண். பழைய தலைநகரான ராஜகிருகத்தைச் சுற்றி மலைகள், மலைமேல் கல்மதில். மகத அரசர் அஜாதசத்ரு காலத்தில், எதிரிகளான வஜ்ஜிகளை எதிர்கொள்ள கங்கைக் கரையில் பாடலி கிராமத்தில் கோட்டை எழுந்தது. அந்தக் கிராமம்தான் பின்னால் பாடலிபுத்திரம் ஆனது.

இதையெல்லாம் பாடப்புத்தகம் சொல்லும். அது அழுத்திச் சொல்லாதது, மௌரியருக்கு முந்தைய நந்தர்களின் பங்கு. வரி வசூலித்துக் குவித்தவர்கள் அவர்கள். அந்தப் பணத்தின் பேச்சு நம் ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. நந்தர்கள் பாடலியில் சேர்த்துக் கங்கை நீருக்கடியில் ஒளித்துவைத்த செல்வம் என்று அகநானூற்றில் மாமூலனார் பாடுகிறார். பொருள் தேடிப் போன தலைவன் இன்னும் திரும்பவில்லை, அப்படி என்ன, அந்த நந்தர் புதையலா கிடைத்துவிட்டது என்று தலைவி கேட்கிற இடம். சந்திரகுப்தர் கி.மு. 321 வாக்கில் பிடித்தது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு வசூல் இயந்திரத்தை. பூஜ்யத்திலிருந்து அவர் தொடங்கவில்லை. சில வருடம் கழித்து அலெக்சாண்டரின் தளபதி செலூக்கஸ் வடமேற்கே மோதிப் பார்த்துவிட்டு, நிலத்தைக் கொடுத்து 500 யானைகளை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போனார்.

அர்த்தசாஸ்திரத்தில் இருப்பதெல்லாம் மௌரிய ஆட்சியில் நடந்தவையா?

அப்படி எடுத்துக்கொள்ளக்கூடாது. அது 'இப்படி ஆளவேண்டும்' என்கிற நூல், 'இப்படி ஆண்டார்கள்' என்கிற அறிக்கை அல்ல. பல கைகள் எழுதிச் சேர்த்தது என்றும், இப்போதுள்ள வடிவம் மௌரியருக்குப் பிற்பட்டது என்றும் கருதும் ஆய்வாளர்கள் பலர். 1905-இல் தஞ்சாவூர்ப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்த சுவடியை ஆர். சாமசாஸ்திரி 1909-இல் பதிப்பித்த பிறகுதான் உலகத்துக்கே அது முழுசாகத் தெரிந்தது.

ஆனால் ஆபீஸ் வாழ்க்கை தெரிந்த யாரோ எழுதியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதிகாரிகள் பணம் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணிப் பட்டியல் போடுகிறார். தண்ணீருக்குள் நீந்தும் மீன் எப்போது தண்ணீர் குடிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாததுபோல, அதிகாரி எப்போது காசு எடுக்கிறான் என்றும் கண்டுபிடிக்க முடியாது என்கிறார். இந்த இடத்தைச் சொன்னால் வந்திருக்கும் மாமாக்கள் எல்லாரும் சிரிப்பார்கள், மாமிகள் சிரிக்கமாட்டார்கள்.

அப்படியானால் நிஜமாக எப்படி ஆண்டார்கள்?

கல்வெட்டுகளையே கேட்டால் போதும். நான்கு மண்டலத் தலைமையகங்கள்: தட்சசீலம், உஜ்ஜயினி, தோசலி, சுவர்ணகிரி. இளவரசர்களின் பொறுப்பில் விடுவது வழக்கம். அவர்களுக்குக் கீழே மகாமாத்திரர், ராஜூகர், பிராதேசிகர், யுக்தர் என்று படிகள். இவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டூர் போகவேண்டும் என்று உத்தரவு. உஜ்ஜயினிக்கும் தட்சசீலத்துக்கும் மூன்று வருடத்துக்குள். தூரத்து மண்டலத்தை அடிக்கடி போய்ப் பார்க்காவிட்டால் கை நழுவும் என்று தெரிந்திருக்கிறது.

தகவல் எந்த நேரமும் வரலாம் என்கிறார் அசோகர். சாப்பிடும்போதும் அந்தப்புரத்தில் இருக்கும்போதும் தோட்டத்தில் உலாவும்போதும் மக்கள் விஷயத்தை என்னிடம் சொல்லலாம் என்கிறது ஒரு சாசனம். இன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் மேலதிகாரி மாதிரி என்று ஒரு பெண் சொன்னாள். இவர் தன் நேரத்தைக் கொடுக்கிறார், அந்த மேலதிகாரி நம் நேரத்தை எடுக்கிறார். வித்தியாசம் இருக்கிறது.

தோசலி மகாமாத்திரர்களுக்கு எழுதியது ஒடிசாவின் தௌலியில் இருக்கிறது. 'எல்லா மனிதரும் என் பிள்ளைகள்' என்ற வரியை அங்கிருந்துதான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கொஞ்சம் கீழே படித்தால் அது அதிகாரிகளுக்கு விட்ட டோஸ். காரணமில்லாமல் ஆளைச் சிறையில் போடாதே. பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், களைப்பு இவை இருந்தால் நீ நடுநிலையாக இருக்கமுடியாது. ஒழுங்காகச் செய்தால் உனக்குச் சொர்க்கமும் கிடைக்கும், எனக்குப் பட்ட கடனும் தீரும். திஷ்ய நட்சத்திர நாட்களில் இதை உரக்கப் படிக்கவேண்டும் என்ற குறிப்பும் உண்டு. திஷ்யம் என்றால் நம் பூசம். மக்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது, காதால் கேட்டால்தான் உண்டு. இருந்தாலும் பிரதிகள் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. ஒரு சாசனத்தில் அவரே, சில இடங்களில் அரைகுறையாக எழுதப்பட்டிருந்தால் அது எழுத்தர் தவறாகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறார்.

வரி என்னவென்று கேட்பீர்கள். லும்பினியில் புத்தர் பிறந்த ஊர் என்பதற்காக பலி என்ற வரியை நீக்கி, விளைச்சல் பங்கை எட்டில் ஒன்றாக்கினார் என்று தூணில் இருக்கிறது. சலுகையே எட்டில் ஒன்று என்றால் மற்ற ஊர்களின் சுமையைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வசூலித்தது எல்லாம் தலைநகருக்கே போகவில்லை. வங்கதேசத்தின் மகாஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்தின் சோஹ்கௌராவிலும் பஞ்ச காலத்துக்கான தானியக் களஞ்சியங்கள் பற்றிய பிராமி எழுத்துச் சாசனங்கள் கிடைத்திருக்கின்றன. குஜராத்தில் சந்திரகுப்தரின் அதிகாரி புஷ்யகுப்தர் கட்டிய சுதர்சன ஏரிக்கு, அசோகர் காலத்தில் துஷாஸ்பர் என்ற யவன அதிகாரி கால்வாய்கள் வெட்டினார். இது நமக்கு எப்படித் தெரியும் என்றால், கி.பி. 150-இல் ருத்ரதாமன் அந்த ஏரியைப் பழுது பார்த்தபோது பழைய கதையையும் ஜூனாகட் பாறையில் எழுதிவைத்தார். பேரரசு போய் முந்நூறு வருடம் ஆகியும் ஏரிக்கு இன்னும் வேலை இருந்தது.

கலிங்கப் போரில் மனம் மாறி வாளைக் கீழே போட்டார் என்பது உண்மையா?

மனம் வருந்தியது அவரே சொன்னது. ஒன்றரை லட்சம் பேர் கொண்டுபோகப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப் போல் பல மடங்கு செத்தார்கள் என்று பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் எண்ணிக்கையோடு எழுதுகிறார். ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த வருத்தச் சாசனத்தைக் கலிங்கத்தில் வைக்கவும் இல்லை. தௌலியிலும் ஜௌகடாவிலும் அதை விட்டுவிட்டு வேறு இரண்டை வைத்திருக்கிறார்கள். அடிபட்டவர் வாசலிலேயே போய் அடித்த கணக்கைப் படிப்பது சரிவராது என்று யாரோ நோட் போட்டிருக்கவேண்டும். அதே சாசனத்தில் காட்டு மக்களுக்கு, 'வருந்துகிறேன்தான், ஆனால் தண்டிக்கும் பலமும் இருக்கிறது' என்ற தொனியில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. மரண தண்டனையை நீக்கவில்லை. தீர்ப்பானவருக்கு மூன்று நாள் அவகாசம் மட்டும் கொடுத்தார்.

தமிழ்நாட்டை ஏன் பிடிக்கவில்லை? பயமா?

இந்தக் கேள்வி வராத ஞாயிறு இல்லை. கேட்பவர் எதிர்பார்க்கும் பதில் 'ஆமாம்'. நான் அதைச் சொல்வதில்லை.

இரண்டாம் பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று எல்லைக்கு அப்பால் இருப்பவர்களின் பட்டியல் வருகிறது. அங்கேயும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்திருப்பதாகச் சொல்கிறார். சத்தியபுத்திரர் யார் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1981-இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழ்பிராமிக் கல்வெட்டு கிடைத்தது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. நம் அதியமான் வம்சம்! தகடூர்க்காரர்கள் பெயர் குஜராத்தின் கிர்னார் பாறை வரைக்கும் போயிருக்கிறது.

மோரியர், அதாவது மௌரியர், படையோடு வந்ததாகவும், அவர்கள் தேர் போக மலையை வெட்டி வழி செய்ததாகவும் அகநானூறு பேசுகிறது. வந்தார்களோ, வரப்பார்த்தார்களோ. அசோகரின் கல்வெட்டு ஒன்றுகூட தமிழகத்தில் கிடையாது. என் கணக்கு வேறு. கர்நாடகத்தின் தங்கச் சுரங்கப் பகுதி வரை ஆள் போட்டாயிற்று. அதற்குத் தெற்கே வியாபாரம் மூலமாகவே சரக்கு வருகிறது. பிறகு எதற்கு இன்னொரு மண்டல அலுவலகம்?

பிறகு ஏன் விழுந்தது? எந்தக் காரணத்தை எழுதினால் மார்க் கிடைக்கும்?

அசோகர் கி.மு. 232 வாக்கில் இறந்தார். கடைசி மௌரியரான பிருகத்ரதரை கி.மு. 185 வாக்கில் அவருடைய சேனாபதி புஷ்யமித்திரர் படை அணிவகுப்பைக் காட்டும் சாக்கில் கொன்றார். இடையில் ஐம்பது வருடம்கூட இல்லை.

வரலாற்றாசிரியர்கள் நான்கு பேர் நான்கு காரணம் சொல்கிறார்கள். ஹரபிரசாத் சாஸ்திரி பிராமணர் எதிர்ப்பு என்றார். ஹேமச்சந்திர ராய்சௌத்ரி அகிம்சையால் படை தளர்ந்தது என்றார். கோசாம்பி முத்திரை குத்திய வெள்ளிக் காசுகளைத் தராசில் நிறுத்துப் பார்த்து, பிற்காலக் காசில் செம்பு கூடிவிட்டது, கஜானா காலி என்றார். ரொமிலா தாப்பர், விசுவாசம் அரசர் என்ற ஆள்மீது இருந்ததே தவிர அரசு என்ற அமைப்பின்மீது இல்லை, ஆள் மாறியதும் அமைப்பு ஆடிவிட்டது என்கிறார். நான்கையும் எழுதுங்கள், மார்க் கிடைக்கும்.

என்னைக் கேட்டால் கல்வெட்டு எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்ப்பேன். அசோகரின் கடிதம் காந்தஹாரில் கிரேக்கத்திலும் அராமிக்கிலும் இருக்கிறது, பிரம்மகிரியில் பிராகிருதத்தில் இருக்கிறது. அவருடைய பேரன் தசரதருக்கு நமக்குக் கிடைப்பது கயை பக்கம் நாகார்ஜுனி குன்றில், துறவிகளுக்குக் குகை கொடுத்த சிறு கல்வெட்டுகள் மூன்று. தலைநகரிலிருந்து ஒரு நாள், இரண்டு நாள் தூரம். சர்க்குலர் வரவில்லை என்றால் மண்டலத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் வருடம் பயப்படுவார்கள். இரண்டாம் வருடம் போன் செய்து கேட்பார்கள். மூன்றாம் வருடம் தாங்களே முடிவெடுக்கப் பழகிவிடுவார்கள், அதற்குப் பிறகு நாம் அனுப்பினாலும் படிக்கமாட்டார்கள்.

அசோகரே இதற்கு வழி செய்துவிட்டாரோ என்றும் தோன்றும். கோட்லா தூணில் இருக்கும் நான்காம் தூண் சாசனத்தில், பல லட்சம் மக்கள்மீது ராஜூகர்களை நியமித்து, பரிசும் தண்டனையும் அவர்கள் பொறுப்பிலேயே விட்டேன் என்கிறார். தேர்ந்த செவிலியிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதுபோல என்று உவமை. தகப்பன் போன பிறகு பிள்ளை யாரிடம் ஒட்டும்?

விழுந்தது என்றால் ஊர்கள் பாழானது என்று நினைக்கவேண்டாம். கலிங்கத்திலேயே பின்னால் காரவேலர் எழுந்தார். 'தமிர' கூட்டணியை உடைத்ததாக ஹாத்திகும்பாவில் பெருமை அடித்துக்கொண்டார். தக்காணத்தில் சாதவாகனர். மையம் போனதும் ஓரங்கள் பெரிதாயின.

சீனாவிலும் இப்படித்தானா?

ஏறத்தாழ அதே காலம். சின் வம்சம் கி.மு. 221-இல் சீனாவை ஒன்றாக்கி, எடை, அளவு, வண்டி அச்சின் நீளம் வரை ஒரே மாதிரி ஆக்கியது. பதினைந்து வருடம்தான் நின்றது. கி.மு. 209-இல் எல்லைக் காவலுக்குப் போன ஒரு கூட்டம் மழையில் மாட்டிக்கொண்டது. தாமதமாகப் போனால் மரண தண்டனை, கலகம் செய்தாலும் மரண தண்டனை. சென் ஷெங்கும் வூ குவாங்கும் கலகமே செய்துவிடலாம் என்றார்கள். அங்கே சர்க்குலர் அளவுக்கு மேல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

மெஹ்ரோலி இரும்புத் தூணும் அசோகருடையதா?

இல்லை. அது அறுநூறு வருடத்துக்கும் மேல் பிந்தியது. அதில் 'சந்திர' என்று வரும் அரசர் குப்தரான இரண்டாம் சந்திரகுப்தர் என்பது பெரும்பாலோர் முடிவு. துருப்பிடிக்காத கதையை எல்லாரும் சொல்வார்கள், அதை விடுங்கள். குப்தர்கள் ஆண்ட விதம்தான் சுவாரசியம். சமுத்திரகுப்தர் காஞ்சியின் விஷ்ணுகோபர் வரை தெற்கே வந்து, அரசர்களைப் பிடித்து, அப்புறம் விடுவித்துவிட்டுப் போனார். அந்தப் பெருமையை அலகாபாதில் இருக்கும் அசோகர் தூணிலேயே வெட்டிக்கொண்டார்.

அவர்கள் காலத்தில், குறிப்பாக அவர்களுக்குச் சம்பந்திகளான வாகாடகர்கள் கொடுத்த செப்பேடுகளில், ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: தானமாகக் கொடுத்த இந்த ஊருக்குள் அரசாங்கச் சேவகர் நுழையக்கூடாது. மௌரியர் கடிதம் அதிகாரியைப் 'போ' என்றது. இந்தச் செப்பேடு 'போகாதே' என்கிறது. நம் பக்கத்துப் பிரமதேயங்களை (பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர்களை) அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஹூணர்கள் படையெடுத்து வந்தபோது கஜானா எப்படி இருந்தது என்பதை ஸ்கந்தகுப்தரின் பொற்காசு சொல்லும். எடை கூடியிருக்கும், பொன் குறைந்திருக்கும்.

கோட்லா தூண் எப்படி வந்தது? எந்தக் கிழமை போவது நல்லது?

ஃபிரோஸ் ஷா துக்ளக் 1350-களில் இன்றைய ஹரியானாவின் தோப்ராவிலிருந்து கொண்டுவந்தார். சுமார் 13 மீட்டர், 27 டன். தூணைச் சுற்றி இலவம் பஞ்சைக் குவித்து அதன்மேல் சாய்த்து, நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் யமுனைக்கு இழுத்து, படகில் ஏற்றினார்கள். எழுத்தைப் படிக்கச் சொல்லிப் பண்டிதர்களைக் கேட்டார், ஒருவருக்கும் தெரியவில்லை. ஃபிரோஸ் என்ற சுல்தான் வரும்வரை இதை யாராலும் அசைக்க முடியாது என்று எழுதியிருப்பதாகச் சிலர் சொன்னார்களாம்! ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் பிராமியைப் படித்த பிறகுதான் தெரிந்தது, அதில் சாலையோர ஆலமரங்களும் மாந்தோப்புகளும் கிணறுகளும்தான் இருந்தன என்று. இவற்றைச் சொல்லும் ஏழாம் தூண் சாசனம் வேறு எந்தத் தூணிலும் கிடையாது.

மேலே ஏறவிடமாட்டார்கள், கீழிருந்துதான் பார்க்கமுடியும். எழுத்து முக்கியம் என்றால் கூட்டமில்லாத ஞாயிறு காலை. ஆள் முக்கியம் என்றால் வியாழக்கிழமை. அன்று இடிபாடுகளின் நிலவறைகளில் ஜின்களிடம் வேண்டிக்கொள்ள மக்கள் வருவார்கள். ஊதுபத்தி, அகல்விளக்கு, கூடவே கைப்பட எழுதிய மனுக்கள். போன மார்கழியில் அப்படி ஒரு வியாழக்கிழமை, ஒரு பெண் பையிலிருந்து ஒரே மனுவின் ஐந்தாறு ஜெராக்ஸ் பிரதிகளை எடுத்து மாடத்துக்கு மாடம் செருகிக்கொண்டே போனார். மேலே முழு முகவரி, ஓரத்தில் பாஸ்போர்ட் அளவு போட்டோ. என்னோடு வந்திருந்த திருநெல்வேலிப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "சார், எல்லா செக்‌ஷனுக்கும் காப்பி போட்டுட்டாங்க."